அத்தையின் நடவுப் பாட்டும் என் ஹெட்போனும்

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு பிற்பகல், நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் பாமணியாற்றின் கரையில் இருக்கும் என் அத்தை வீட்டுக்கு, அவருடைய நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்யப் போயிருந்தேன். அத்தைக்கு 78 வயது. நடவு இயந்திரம் ஊருக்குள் வரும்வரை, சம்பா நடவில் வரிசையின் முதல் ஆளாக நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் அவரை உட்கார வைத்து, புடவைத் தலைப்பில் ஒரு காலர் மைக்கைக் குத்தி, அதன் கம்பியை டேப்லெட்டில் செருகி, பதிவுப் பொத்தானை அழுத்தினேன். திரையில் பச்சைக் கோடு அவர் குரலுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடினார். நடவுப் பாட்டுகளும், தாலாட்டும், நலங்குப் பாட்டும் சேர்த்துப் பதினொன்று. பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நான் மனநிறைவோடு உட்கார்ந்திருந்தேன்.

இரவு வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் நடந்தது புரிந்தது. பதிவில் முதலில் கேட்டது சீலிங் ஃபேனின் இரைச்சல். அதன்மேல் என் சட்டைக் கை டேப்லெட்டின் விளிம்பில் உரசும் சரசரப்பு. இவற்றுக்கெல்லாம் பின்னால், கொல்லையிலிருந்து யாரோ பாடுவதைப் போல அத்தை. டேப்லெட்டுக்குப் போட்டிருந்த ரப்பர் உறை தடிமனாக இருந்ததால் மைக்கின் முள் துளைக்குள் முழுமையாக இறங்கவில்லை. வெளி மைக் இருப்பதே டேப்லெட்டுக்குத் தெரியவில்லை; அது தன் சொந்த மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் விழுந்ததை எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. பச்சைக் கோடு அசைந்தது உண்மைதான். ஏதோ ஓர் ஒலி உள்ளே வருகிறது என்பதை மட்டுமே அது காட்டும். எந்த மைக்கிலிருந்து, என்ன தரத்தில் வருகிறது என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை.

மறு வாரம் மீண்டும் போனேன். அத்தை சலித்துக்கொள்ளாமல் மீண்டும் பாடினார். ஆனால் முதல் நாள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்த பாட்டுகளில் மூன்று இந்த முறை வரவேயில்லை. "அன்னிக்கு வந்துச்சு தம்பி, இன்னிக்கு வாய்க்கு வரல" என்றார். அந்த மூன்று பாட்டுகளும் இன்றுவரை அந்த ஃபேன் இரைச்சலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. பதிவு நடக்கும்போதே ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டிருந்தால் முதல் பத்து நொடிக்குள் தெரிந்திருக்கும். இந்தப் பதிவை நான் எழுதுவதற்குக் காரணம் அதுதான். எங்கள் பக்கத்தில் இப்போது பலர் டேப்லெட்டை வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களின் பாட்டையும் பேச்சையும் கோயில் மேளத்தையும் பதிவு செய்கிறார்கள். நான் பார்த்த வரையில், பதிவாகும்போது காதில் வாங்கிக்கொண்டு பதிவு செய்பவர்கள் மிகக் குறைவு.

டேப்லெட்டோடு வரும் கேமரா செயலியும் குரல் பதிவுச் செயலியும், பதிவாகும் ஒலியைப் பெரும்பாலும் நமக்குத் திருப்பிக் கேட்க விடுவதில்லை. பதிவுக்கென்றே செய்யப்பட்ட செயலிகளில் அந்த வசதி இருந்தாலும் தொடக்கத்தில் அணைத்தே வைத்திருப்பார்கள். அதற்குத் தகுந்த காரணம் உண்டு. மைக்கில் விழும் ஒலியை டேப்லெட்டின் ஸ்பீக்கர் அப்போதே வெளியே விட்டால், அது மறுபடியும் மைக்கில் விழுந்து, மறுபடியும் ஸ்பீக்கரில் வந்து, கல்யாண வீட்டில் மைக் செட் கூவுவதைப் போல ஊளையிடத் தொடங்கும். ஆகவே ஹெட்போனை மாட்டிய பிறகு நாமேதான் அதைத் திறந்துவிட வேண்டும். ஐபேடில் காரேஜ்பேண்ட் பயன்படுத்துகிறவர்கள் உள்ளீட்டு அமைப்புகளுக்குள் போனால் மானிட்டர் என்ற சுவிட்சைக் காணலாம். மற்ற செயலிகளிலும் ஏறக்குறைய அதே பெயரில்தான் இருக்கும்.

சுவிட்சைப் போட்ட உடனே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: குரல் சற்றுப் பிந்திக் கேட்கிறதே, ஏன்? மைக்கில் விழுந்த ஒலி எண்களாக மாறி, ஒரு தொகுப்பு நிறையும்வரை காத்திருந்து, செயலிக்குள் போய், மீண்டும் ஒரு தொகுப்பாகச் சேர்ந்து, எண்ணிலிருந்து ஒலியாகித்தான் நம் காதுக்கு வருகிறது. இந்தத் தொகுப்பைத்தான் பஃபர் என்கிறார்கள். ஒலியின் அளவை ஒரு கணத்தில் எண்ணாகக் குறிப்பதுதான் மாதிரி. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது 256 மாதிரிகள் கொண்ட ஒரு பஃபர் நிறைய 5.3 மில்லி நொடி ஆகும். போக ஒன்று, வர ஒன்று என்று பார்த்தால் குறைந்தது 10.7 மில்லி நொடி. அதையே 1024 ஆக வைத்தால் 42.7 மில்லி நொடி. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் மீட்டர் தள்ளிப் பாடுவதைக் கேட்பதற்குச் சமம். ஒரே தாழ்வாரத்தின் இரு முனைகளில் இருவர் உட்கார்ந்திருப்பதைப் போல. இரண்டாவது கணக்கு 15 மீட்டர். எதிர்வீட்டுத் திண்ணையில் பாடுவதை நம் வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்பதைப் போல. பதிவு செய்பவனுக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. அவன் பாடப் போவதில்லை. என்ன பதிவாகிறது என்று அவனுக்குத் தெரிந்தால் போதும்.

பாடுகிறவருக்கு அப்படி அல்ல. திருவையாற்றில் இசை படிக்கும் என் தங்கை மகள் ஒரு பதிகம் பாடிப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டபோது, கையில் இருந்த புளூடூத் இயர்போனையே அவள் காதில் மாட்டிவிட்டேன். முதல் அடியிலேயே நிறுத்திவிட்டாள். "மாமா, என் குரலே எனக்குப் பின்னாடி வருது, எதைப் புடிச்சிக்கிட்டுப் பாடறது?" என்றாள். புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, விரிக்கப்பட்டு வருவதற்குள் சாதாரணமாக 150 முதல் 300 மில்லி நொடி வரை ஆகிவிடும். ஒருவருடைய குரல் சுமார் 200 மில்லி நொடி பிந்தி அவர் காதிலேயே விழுந்தால் பேச்சே குழறும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். மேலே சொன்ன கணக்குப்படி அது 70 மீட்டர். தன் குரலைத் தானே வெளிப் பிராகாரத்தின் மறுகோடியிலிருந்து கேட்டுக்கொண்டு ஒரு பெண் எப்படிச் சுருதியிலும் காலப்பிரமாணத்திலும் நிற்பாள்? புளூடூத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில சமயம் டேப்லெட் அந்த இயர்போனில் இருக்கும் சின்ன மைக்கையே பதிவுக்கு எடுத்துக்கொள்ளும். அப்போது இணைப்பு தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறி, ஒலித் தரம் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பதிவுக்குக் கம்பி போட்ட ஹெட்போன்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கம்பி ஹெட்போனை எங்கே செருகுவது என்பது இன்றைய டேப்லெட்டில் தனிப் பாடு. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் 3.5 மி.மீ. துளை இருந்தது, 2022இல் வந்த பத்தாம் தலைமுறையில் அது இல்லை, ஒரே ஒரு யூஎஸ்பி-சி துளைதான். அதில் மைக்கைச் செருகினால் ஹெட்போனுக்கு இடமில்லை. ஆகவே மைக்கும் ஹெட்போனும் இரண்டையும் தாங்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸை நடுவில் வைக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒன்றை வாங்கியபோது அதன் முகப்பில் ஒரு சுவிட்சைக் கண்டேன்: டைரக்ட் மானிட்டர். அதைப் போட்டால் மைக்கின் ஒலி டேப்லெட்டுக்குள் போய்த் திரும்பும்வரை காத்திராமல், இன்டர்ஃபேஸிலிருந்தே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தங்கை மகள் அதைப் போட்டுக்கொண்டு முழுப் பதிகத்தையும் ஒரே மூச்சில் பாடி முடித்தாள். நானும் இன்னொரு ஹெட்போனில் அதையே கேட்டேன். துல்லியமாக இருந்தது.

பதிவைத் திறந்து பார்த்தால் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் 'டிக்' என்ற சத்தம். இன்டர்ஃபேஸை, ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் ஒரு சின்ன ஹப் வழியாக இணைத்திருந்தேன். அதில் மின்சாரம் போதாமல் இடையிடையே தகவல் அறுந்திருக்கிறது. நான் காதில் கேட்டதோ, டேப்லெட்டுக்குப் போகும் முன்னரே பிரித்து எடுக்கப்பட்ட ஒலி. டேப்லெட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கும் நான் கேட்டதற்கும் தொடர்பே இல்லை. ஹெட்போன் போட்டும் ஏமாந்தேன்.

இதைக் கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பாவிடம் சொன்னேன். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மைக்கக் கேக்காதடா, டேப்பக் கேளு" என்றார். அவர் சொன்ன டேப் காந்த நாடா. அக்காலத்துத் தரமான நாடா இயந்திரங்களில் மூன்று தலைகள் வரிசையாக இருக்கும்: ஒன்று அழிக்க, ஒன்று பதிய, ஒன்று படிக்க. பதியும் தலையில் எழுதப்பட்ட ஒலி, நாடா சற்று நகர்ந்ததும் படிக்கும் தலையில் மீண்டும் ஒலியாகி வரும். இயந்திரத்தின் முகப்பில் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் உள்ளே போகும் ஒலி, மறுபக்கம் தள்ளினால் நாடாவில் ஏற்கெனவே பதிவான ஒலி. நாடா நொடிக்கு 19 செ.மீ. ஓடுகிறது, இரண்டு தலைகளுக்கும் இடையே 4 செ.மீ. இருக்கிறது என்றால் இரண்டாவது ஒலி 0.2 நொடி பிந்தித்தான் வரும். அந்தத் தாமதத்தைச் சித்தப்பா ஒருபோதும் குறையாகப் பார்க்கவில்லை. பிந்தி வருகிறது என்றால் நாடாவைத் தொட்டுவிட்டு வருகிறது என்று பொருள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை, நாடா அறுந்தாலும், தலையில் அழுக்கு சேர்ந்தாலும் அந்தக் கணமே தெரிந்துவிடும்.

அன்றிலிருந்து என் வழக்கம் மாறிவிட்டது. பாடுகிறவர் ஹெட்போன் கேட்டால் அவருக்கு டைரக்ட். எனக்கு டேப்லெட்டுக்குள் போய்த் திரும்பி வரும் ஒலி. இன்டர்ஃபேஸில் ஒரே ஹெட்போன் துளை இருந்து, பாடுகிறவருக்கு ஹெட்போன் வேண்டாம் என்றால், டைரக்ட் சுவிட்சை அணைத்துவிட்டுச் செயலியின் மானிட்டரை மட்டும் திறந்து வைக்கிறேன். இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைக்கக் கூடாது. நேராக வரும் குரலும் பிந்தி வரும் குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, வாயைக் குடத்துக்குள் வைத்துப் பாடினால் எப்படி இருக்குமோ அப்படிக் கேட்கும். மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து நாம் மைக்கை மாற்றிக்கொண்டிருப்போம். செயலியின் மானிட்டர்கூட சேமிக்கப்பட்ட கோப்பையே படித்துக் காட்டுவதில்லை. டேப்லெட்டுக்குள் வந்து சேர்ந்த ஒலியைத்தான் காட்டுகிறது. மூன்றாவது தலைக்கு அது முழு ஈடு அல்ல. அதனால் முதலில் அரை நிமிடம் பதிந்து, நிறுத்தி, ஓட்டிக் கேட்டுவிட்டே உண்மையான பதிவைத் தொடங்குகிறேன்.

இப்படிக் கேட்கப் பழகிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ குறைகள் காதில் அகப்படுகின்றன. ஒரு முறை சுருதிப் பெட்டியோடு ஒரு பெரியவர் பாடினார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் சுருதி மெல்ல மெல்லத் தேய்ந்து, அவர் பாடத் தொடங்கியதும் திடீரென்று மேலெழுந்தது. அந்த ஆண்ட்ராய்டு டேப்லெட், பேச்சைத் தெளிவாக்குவதாக எண்ணி, மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று கணக்கிட்டு அடக்கிக்கொண்டிருந்தது. நம் இசைக்கு ஆதாரமாக நிற்கும் சுருதிதான் அதற்கு முதல் இரைச்சல்! ஒலியைத் திருத்தாமல் அப்படியே வாங்கும் வழி ஆண்ட்ராய்டு 7.0 முதல் இருக்கிறது; அதைப் பயன்படுத்தும் செயலியாகத் தேடி எடுக்க வேண்டும். பச்சைக் கோட்டை மட்டும் பார்த்திருந்தால் இது கடைசிவரை தெரிந்திருக்காது.

இன்னொரு வீட்டில் டேப்லெட்டைச் சார்ஜில் போட்டபடியே பதிவைத் தொடங்கினேன். காதில் 'உம்' என்று ஒரு தாழ்ந்த இரைச்சல். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான். சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றது. இப்போது முந்தின இரவே முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

டெல்டாவுக்கே உரிய இடைஞ்சல்களும் உண்டு. மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றியுள்ள பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கும். வெறும் காதுக்கு அது பழகிப்போன சத்தம், இருப்பதே தெரியாது. ஹெட்போனில் கேட்டால் பாட்டுக்கு அடியில் ஒரு மோட்டார் ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில் தவளைகள். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி. மோட்டாரின் அடி ஒலியை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டிவிடும் வடிகட்டியைப் போட்டு ஓரளவு குறைக்கலாம். தவளைக்கு அப்படி ஒன்றும் செய்ய முடியாது. மைக்கைப் பாடுகிறவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய், கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைக்க வேண்டியதுதான். இவற்றையெல்லாம் கேட்டுப் பிரித்தறியக் காதை முழுவதும் மூடும், பின்பக்கம் அடைத்த ஹெட்போன் வேண்டும். திறந்த வகையாக இருந்தால் எது மைக்கிலிருந்து வருகிறது, எது நேராகக் காதில் விழுகிறது என்று பிரிக்கவே முடியாது. அதோடு ஹெட்போனிலிருந்து கசியும் ஒலியே மைக்கில் போய் விழும்.

மேளத்துக்கு அந்த ஹெட்போனும் போதாது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படும் நாதஸ்வரம், 2022இல் புவிசார் குறியீடு பெற்றது, தெருவில் சுவாமி புறப்பாட்டின்போது நாலு வீதிக்கும் கேட்க வேண்டிய கருவி. அதன் பக்கத்தில் தவில். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்தால் ஹெட்போனை மீறி மேளம்தான் காதில் விழும், பதிவு விழாது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் முதல் முறை பதிந்தபோது ஒலி அளவைக் காட்டும் மீட்டர் ஒரு முறைகூட சிவப்பைத் தொடவில்லை. அளவு எப்போதும் உச்சத்துக்கு 6 டெசிபல் கீழேதான் நின்றது. ஆனாலும் தவிலின் ஒவ்வொரு வலந்தலை அடியும் தகரத்தில் கல் விழுந்ததைப் போலப் பதிந்திருந்தது. ஒலி எண்ணாக மாறுவதற்கு முன்பே, மைக்கின் சொந்தச் சுற்றிலேயே நசுங்கிவிட்டது. நசுங்கிய பிறகு அளவைக் குறைத்து வாங்கிக்கொண்ட செயலிக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. இப்போது நீண்ட கம்பி போட்டு, மண்டபத்தைத் தாண்டி மடைப்பள்ளிச் சுவரின் மறுபக்கம் போய் உட்கார்ந்து கேட்கிறேன். அது முடியாத இடத்தில், அவர்கள் சுருதி சேர்த்து வாசித்துப் பார்க்கும்போது ஒரு நிமிடம் பதிந்து, டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு குளக்கரைக்குப் போய் அதைக் கேட்டுவிட்டு வருகிறேன். தவில் வித்துவான் முழு வேகத்தில் வாசிக்கும் ஓர் ஆவர்த்தனம் அந்த ஒரு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். சும்மா விரல் தட்டிப் பார்ப்பதை வைத்து அளவு கட்டினால் கச்சேரி நடுவில் மாட்டிக்கொள்வோம். உச்ச அடி 12 டெசிபல் கீழே நிற்கும்படி வைத்துவிட்டால், ஒலியை நுணுக்கமான எண்களாகக் குறிக்கும் 24 பிட் முறையில் பதியும்போது மெல்லிய இடங்களை இழக்க வேண்டியதில்லை.

பொங்கல் கழிந்து அத்தையிடம் மூன்றாம் முறை போனேன். அறுவடை முடிந்து வீடு முழுவதும் புதுநெல் வாசனை. ஃபேனை நிறுத்தினேன், உறையைக் கழற்றினேன், மைக்கின் முள் 'டக்' என்று உட்கார்ந்ததா என்று பார்த்தேன், ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் மேல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினேன். காதுக்குள் அந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்டது. டேப்லெட்டின் முதுகைச் சுரண்டியபோது ஒன்றும் கேட்கவில்லை. எந்த மைக் திறந்திருக்கிறது என்று அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அத்தை பாடத் தொடங்கிச் சிறிது நேரத்தில், தாளத்துக்கு ஒரு தரம் 'கிணுங்' என்று ஒரு சத்தம் வந்தது. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன்.

"என்னடா தம்பி, இப்பவும் சரியா விழலயா?"

"விழுது அத்தை. உங்க வளையல் சத்தம் சேந்து விழுது."

இடது கையிலிருந்த இரண்டு கண்ணாடி வளையல்களையும் கழற்றப் போனவர், ஒரு கணம் யோசித்துவிட்டு, "நடவு வயல்லயும் இந்தச் சத்தத்தோடதான் பாடுவோம், எல்லாக் கையும் ஒண்ணா இறங்கும்போது ஒண்ணாக் கிணுங்கும்" என்றார். வளையல்களைக் கழற்ற வேண்டாம் என்றேன். மைக்கைப் புடவையிலிருந்து எடுத்து, சின்ன ஸ்டாண்டில் அவருடைய வலப் பக்கம், வளையல் போட்ட கைக்கு எதிர்ப்புறமாக வைத்தேன். இப்போது குரல் முன்னால் நின்றது. வளையல் இரண்டடி பின்னால் போய், நாற்று முடியைப் பிரித்து நடுகிற ஒரு கையைப் போலத் தாளத்தோடு நடந்துகொண்டிருந்தது. 40 நிமிடம் பாடினார். முழுவதையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன். காணாமல் போன மூன்றில் ஒன்று, பாதியிலிருந்து, தானாக வந்தது.